‘அது தனி சார்’: சின்ன பாத்ரூமுக்கு பட்ஜெட் போடுவதும் கொட்டேஷன் படிப்பதும்

சென்னையில் அக்கா குடியிருக்கும் ஃபிளாட்டுக்கு வயது இருபத்தைந்துக்கு மேல். பாத்ரூம் ஏழடிக்கு ஐந்தடி. தரை டைல்ஸ் ஆடத் தொடங்கி, கீழ் வீட்டுக் கூரையில் ஈரத் திட்டு தெரிந்த பிறகுதான் வேலையைக் கையில் எடுத்தாள். மூன்று பேரைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஒருவர் 52,000 என்றார். இன்னொருவர் 96,000. மூன்றாமவர் 1,38,000. “டேய், ஒரே பாத்ரூமுக்கு எப்படிடா மூணு விலை?” என்று போனில் கேட்டாள்.

மூன்றும் ஒரே வேலைக்கான விலை இல்லை என்பதுதான் பதில். 52,000 சொன்னவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டபோது “அது தனி சார்” என்று ஆறேழு முறை சொன்னார். அவர் ஏமாற்றவில்லை. நாங்கள் என்ன கேட்டோமோ அதற்கு விலை சொன்னார். நாங்கள்தான் முழுதாகக் கேட்கவில்லை.

இது அந்த அனுபவத்திலிருந்து எழுதுவது. இதில் வரும் ரூபாய்க் கணக்கு அந்த வீட்டுக்கானது. உங்கள் ஊரில் கூலியும் பொருள் விலையும் வேறாக இருக்கும், கணக்குப் போடும் முறை மாறாது.

முதல் படி: எவ்வளவு ஆழம் இடிக்க வேண்டும்?

டைல்ஸ் நிறத்தை யோசிப்பதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். செலவு எங்கே போய் நிற்கும் என்பதை இதுதான் தீர்மானிக்கிறது.

கசிவே இல்லை, பார்க்கத்தான் பழசாக இருக்கிறது என்றால் சுவரில் பழைய டைல்ஸ் மேலேயே பசை வைத்துப் புது டைல்ஸ் ஒட்டலாம். இடிப்பு, குப்பை, தூசி எல்லாம் மிச்சம். ஒரு நாணயத்தால் பழைய டைல்ஸ் ஒவ்வொன்றையும் தட்டிப் பாருங்கள். ‘டொக் டொக்’ என்று பொள்ளலாகக் கேட்டால் அதன் மேல் ஒட்டக் கூடாது, பழசோடு சேர்ந்து புதுசும் விழும். தரையில் இப்படிச் செய்தால் மட்டம் உயரும். கதவு இடிக்கும், தண்ணீர் வெளி அறைக்கு வரும். அதனால் தரைக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன்.

கசிவு இருந்தால் ஒட்டுவேலை உதவாது. ஃபிளாட் பாத்ரூம்களில் பெரும்பாலும் தரை ஸ்லாபை முக்கால் அடி, ஓரடி கீழே இறக்கிப் போட்டிருப்பார்கள். சங்கன் ஸ்லாப் என்பது அதுதான். அந்தப் பள்ளத்தில் கழிவு பைப்புகளைப் பதித்து, செங்கல் ஜல்லி நிரப்பி, மேலே தரை போடுவார்கள். கசிவு இருக்கும் வீட்டில் அந்த ஜல்லி பல வருஷமாகத் தண்ணீரில் ஊறிக் கிடக்கும். அதை அள்ளி எடுத்து, ஸ்லாபைக் காயவைத்து, அங்கிருந்து வாட்டர் புரூஃபிங் செய்துகொண்டு மேலே வந்தால்தான் கசிவு நிற்கும்.

உங்கள் வீடு எந்த ரகம் என்று தெரியாவிட்டால் கீழ் வீட்டுக்குப் போய் அவர்கள் பாத்ரூம் கூரையைப் பாருங்கள். ஈரமோ உப்புப் பூத்த வெள்ளைத் திட்டோ இருந்தால் பள்ளம் வரை இடிப்பதாகவே பட்ஜெட் போடுங்கள்.

இரண்டாம் படி: டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள்

அளவு கையில் இல்லாமல் கொட்டேஷன் வாங்கினால், வந்தவர் சொல்வதுதான் கணக்கு. இது பெரிய வித்தை இல்லை. அக்கா வீட்டுக் கணக்கையே சொல்கிறேன்.

தரை 7 × 5 = 35 சதுர அடி. நாலு சுவரின் சுற்றளவு 24 அடி. ஏழடி உயரம் டைல்ஸ் என்றால் 168 சதுர அடி. அதில் கதவு, வெண்டிலேட்டருக்குச் சுமார் 19 கழித்தால் 149. தரையும் சுவரும் சேர்ந்து 184. வெட்டுக்கும் உடைவுக்கும் பத்து சதவீதம் சேர்த்தால் ஏறத்தாழ 202 சதுர அடி டைல்ஸ் வாங்க வேண்டும்.

கூலி 184-க்குத்தான், 202-க்கு இல்லை. கதவு இடத்தைக் கழிக்காமல் அளக்கிறவர்களும் உண்டு. அது அவரவர் வழக்கம். முன்னாலேயே கேட்டுவிட்டால் கடைசி நாளில் டேப்பைப் பிடித்துக்கொண்டு சண்டை போட வேண்டாம். ஷாம்பு வைக்கிற மாடம், ஓரத்தை 45 டிகிரியில் சீவி ஒட்டுவது, வாசலில் போடும் கிரானைட் பட்டை எல்லாம் சதுர அடியில் வராது. ரன்னிங் அடிக்கோ எண்ணிக்கைக்கோ தனி ரேட் கேட்பார்கள்.

கடையில் டைல்ஸ் பெட்டிக் கணக்கில்தான் கிடைக்கும். 12 × 18 அங்குல சுவர் டைல்ஸ் ஒன்று ஒன்றரை சதுர அடி. பெட்டிக்கு ஆறு என்றால் 9 சதுர அடி. சுவருக்கு 164 சதுர அடி தேவை, ஆக 19 பெட்டி. எல்லாவற்றையும் ஒரே தடவையில் வாங்குங்கள். பெட்டியின் மேல் ஷேடு நம்பரும் பேட்ச் நம்பரும் அச்சடித்திருக்கும். இரண்டு பேட்ச் கலந்தால் ஒரே வெள்ளை இரண்டு வெள்ளையாகத் தெரியும். டைல்ஸ் தயாராகும் குஜராத் மோர்பியிலிருந்து அடுத்த லோடு வரும்போது அதே ஷேடு வரும் என்று எந்தக் கடைக்காரரும் உறுதி சொல்ல முடியாது. பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று கேட்டு பில்லிலேயே எழுதி வாங்குங்கள். தரைக்கு வழுக்காத ரகம், ஆர்-10 அல்லது ஆர்-11 என்று கேளுங்கள்.

அப்புறம் ஒரு கணக்கு யாரும் போடுவதில்லை: குப்பை. பழைய டைல்ஸும் அதன் பின்னால் இருக்கும் கலவையும் சேர்ந்து ஒன்றரை அங்குலக் கனம் என்று வைத்தால், 184 சதுர அடிக்குச் சுமார் 23 கன அடி வரும். எடை ஒரு டன்னுக்கு மேல். ஒருவர் தூக்கக்கூடிய அளவுக்குக் கட்டினால் ஏறக்குறைய ஐம்பது சாக்கு. பள்ளத்து ஜல்லியையும் எடுத்தால் அதைவிடக் கூடுதலாக இன்னொரு பங்கு. மூன்றாவது மாடி, லிஃப்டில் ஏற்ற அசோசியேஷன் விடாது என்றால் இதை இறக்குவதே ஒன்றரை நாள் வேலை. தெருவோரம் கொட்டினால் மாநகராட்சி அபராதம் உங்கள் தலையில்தான். எந்தக் கொட்டேஷனிலும் முதலில் தேட வேண்டிய வரி இதுதான்.

மூன்றாம் படி: வேலைப் பட்டியலை நீங்கள் எழுதுங்கள்

மேஸ்திரி எழுதித் தருவார் என்று காத்திருக்காதீர்கள். நீங்கள் ஒரு தாளில் எழுதி, வருகிற மூன்று பேருக்கும் அதே தாளைக் கொடுங்கள். மூன்று விலையையும் ஒப்பிட வேறு வழி இல்லை. அக்கா வீட்டுத் தாளில் இருந்தவை இவை:

இடிப்பு, பள்ளம் வரை. குப்பையைச் சாக்கில் கட்டி, கீழே இறக்கி, வண்டியில் ஏற்றி அனுப்புவது வரை.

தண்ணீர் பைப் முழுக்கப் புதிது. சுடுதண்ணீர் ஓடும் இடத்தில் சிபிவிசி மட்டும். அது 93 டிகிரி வரை தாங்கும். யுபிவிசி சுடுதண்ணீருக்கு ஆகாது. சிபிவிசி இளமஞ்சள் சாயலில் இருக்கும், யுபிவிசி சுத்த வெள்ளை. சுவரை மூடும் முன் கண்ணால் பார்த்தே பிடித்துவிடலாம். பைப்பில் ஐஎஸ் 15778 என்ற எண் அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

கழிவு பைப், நஹானி ட்ராப் (தரைத் தண்ணீர் இறங்கும் குழி) புதிது.

வாட்டர் புரூஃபிங் இரண்டு கோட். தரை முழுக்க, சுற்றிலும் சுவரில் ஓரடி, ஷவர் இருக்கும் சுவரில் ஆறடி வரை. அதன் பிறகு 48 மணி நேரம் தண்ணீர் கட்டி வைத்துப் பார்ப்பது.

டைல்ஸ் ஒட்டுவது, எங்கே சிமெண்ட், எங்கே பசை, டைல்ஸ் இடைவெளியை நிரப்பும் கிரவுட் எபாக்ஸியா (ரெசின் கலவை) சாதாரண சிமெண்டா என்பது உட்பட.

எலக்ட்ரிகல்: கீசருக்குத் தனி 4 ஸ்கொயர் எம்எம் வயர், 16 ஆம்ப் பிளக், எக்ஸாஸ்ட் ஃபேன், போர்டில் 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). 2,000 வாட் கீசர் ஒன்பது ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். லைட்டுக்குப் போட்ட பழைய வயரிலேயே அதைக் கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

கிளாசெட், வாஷ்பேசின், டைவர்ட்டர் (தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்புவது), ஷவர், ஹெல்த் ஃபாசெட், ஆங்கிள் காக், கண்ணாடி, டவல் கம்பி எல்லாவற்றையும் மாட்டுவது, எண்ணிக்கையோடு. கதவு யார் வாங்குவது, யார் மாட்டுவது.

கிளாசெட்டைப் பற்றி ஒரு எச்சரிக்கை. வாங்கும் முன் சுவரிலிருந்து கழிவு ஓட்டையின் நடு வரை அளந்துகொண்டு போங்கள். தரை வழியாகப் போவது எஸ் ட்ராப், சுவர் வழியாகப் போவது பி ட்ராப். எஸ் ட்ராப்பில் இந்த அளவு மாடலுக்கு மாடல் மாறும். பழைய டைல்ஸ் மேல் புது டைல்ஸ் ஒட்டினால் அதுவே முக்கால் அங்குலம் தின்றுவிடும். தள்ளுபடியில் கிடைத்தது என்று முதலில் கிளாசெட்டை வாங்கிவிட்டு, அதற்காகப் பைப்பை நகர்த்தியவர்களை எனக்குத் தெரியும்.

நான்காம் படி: மூன்று விலையையும் ஒரே தராசில் வைப்பது

கொட்டேஷன் மூன்று ரகமாக வரும். லேபர் மட்டும், லேபரோடு சிமெண்ட் மணல் பைப், எல்லாம் சேர்த்து லம்ப்சம். நாள் கூலி என்று நாலாவது ஒன்று உண்டு. ஒரு குழாய் மாற்றுவதற்கு அது சரி. முழு பாத்ரூமுக்கு நாள் கூலி பேசினால், வேலை எப்போது முடியும் என்பது உங்கள் கையில் இருக்காது.

அக்காவுக்கு வந்த மூன்றையும் தாளோடு ஒப்பிட்டு, இல்லாதவற்றைச் சேர்த்தோம்.

52,000 சொன்னவர் வெறும் லேபர். அதோடு சிமெண்ட், மணல், பசை 14,000. பைப் சாமான் 11,000. வாட்டர் புரூஃபிங் 9,000. குப்பை 6,000. எலக்ட்ரிகல் 8,000. டைல்ஸ் 13,000. கிளாசெட், குழாய் வகையறா 32,000. கதவு 6,000. மொத்தம் 1,51,000.

96,000 சொன்னவர் குப்பை, வாட்டர் புரூஃபிங், பைப், எலக்ட்ரிகல் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் சொல்லியிருந்தார். டைல்ஸ், ஃபிட்டிங்ஸ், கதவு மட்டும் எங்கள் பொறுப்பு. மொத்தம் 1,47,000.

1,38,000 சொன்னவர் “ஆல் இன்க்ளூடட்” என்றார். துருவிக் கேட்டால் டைல்ஸ் சதுர அடி 45 ரூபாய் வரைதான், ஃபிட்டிங்ஸுக்கு அவர் வைத்திருந்தது 18,000. அக்கா பார்த்து வைத்திருந்த டைல்ஸ் 60 ரூபாய், ஃபிட்டிங்ஸ் 32,000. வித்தியாசம் 3,000-மும் 14,000-மும். குப்பையும் கதவும் தனி, 12,000. மொத்தம் 1,67,000.

நடுவில் இருந்தவர்தான் மலிவு. தாள் இல்லாமல் இருந்தால் 52,000-க்குத்தான் தலையாட்டியிருப்போம்.

லம்ப்சம் கொட்டேஷனில் “ஸ்டாண்டர்ட் கம்பெனி ஃபிட்டிங்ஸ்” என்று மட்டும் இருந்தால் அதற்கு அர்த்தமே இல்லை. ஒரே கம்பெனியில் ஆயிரத்துக்கும் டைவர்ட்டர் உண்டு, பத்தாயிரத்துக்கும் உண்டு. மாடல் எண் எழுதச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக் கொடுங்கள். நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். சில கடைகள் பிளம்பருக்குக் கமிஷன் கொடுப்பது ஊரறிந்தது. அதைக் குற்றமாகப் பேச வேண்டியதில்லை. பிளம்பரிடம் லிஸ்ட் வாங்கி, அதை வைத்து நீங்கள் இரண்டு கடையில் விலை கேட்டால் போதும்.

“ஜிஎஸ்டி தனி” என்ற வரி இருந்தால் பதிவு எண் கேளுங்கள். பதினைந்து இலக்கம், தமிழ்நாட்டுப் பதிவு என்றால் 33-ல் தொடங்கும். சேவைத் தொழிலில் வருஷம் 20 லட்சத்துக்குக் கீழே வியாபாரம் செய்கிறவர் பதிவு செய்ய வேண்டியதில்லை. பதிவு இல்லாதவர் ஜிஎஸ்டி என்று சொல்லி ஒரு ரூபாய்கூட வசூலிக்க முடியாது.

ஐந்தாம் படி: விலையைப் பார்த்தாயிற்று, ஆளைப் பாருங்கள்

போனில் அளவு கேட்டு விலை சொல்கிறவரை விட்டுவிடுங்கள். நேரில் வந்தவர் என்ன கேட்கிறார் என்று கவனியுங்கள். 96,000 சொன்ன மேஸ்திரி வந்தவுடன் சுவரைத் தட்டினார், கீழ் வீட்டுக்குப் போய்வந்தார், மொட்டை மாடிக்கு ஏறி டாங்கிலிருந்து எந்தப் பைப் இறங்குகிறது என்று பார்த்தார். “இன்னொரு பாத்ரூம் இருக்கா மேடம்? இது ரெண்டு மூணு வாரம் ஆகும்” என்றார். கேள்வி கேட்கிறவருக்குத்தான் வேலை தெரியும் என்பது என் எண்ணம்.

செல்போன் படங்கள் வேண்டாம். புது பாத்ரூம் எல்லாமே படத்தில் அழகுதான். இரண்டு வருஷம் முன்னால் முடித்த வீடு ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அங்கே ட்ராப்பைச் சுற்றித் தண்ணீர் தேங்கிய கறை இருக்கிறதா, கிரவுட் கறுத்து உதிர்ந்திருக்கிறதா, மூலையில் வெட்டிய டைல்ஸ் துண்டு எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். பிளம்பரும் எலக்ட்ரீஷியனும் அவருடைய ஆட்களா, வெளியிலிருந்து கூப்பிடுவாரா என்பதையும் கேளுங்கள். வெளியாள் என்றால் தாமதத்துக்கு ஒருவர் இன்னொருவரைக் கைகாட்டுவார்.

நல்ல மேஸ்திரிகள் பலருக்கு எழுதிக் கொடுக்கும் பழக்கம் கிடையாது. அதை வைத்து ஆளைத் தள்ளிவிடாதீர்கள். பேசியதை நீங்களே வாட்ஸ்அப்பில் வரிவரியாக அனுப்பி, வாய்ஸ் மெசேஜாகவும் சொல்லி, “ஓகே” என்று பதில் வாங்கிவிடுங்கள். எழுதியதற்கு ஓகே சொல்லவே தயங்குகிறவர்தான் யோசிக்க வேண்டிய ஆள்.

பேரம் பேசலாம். மொத்தத்தில் ஐயாயிரம் குறையுங்கள் என்று பேசினால் அவர் சரி என்பார், அந்த ஐயாயிரம் வாட்டர் புரூஃபிங்கின் இரண்டாவது கோட்டில் போய்விடும். அதற்குப் பதில் வேலையைக் குறையுங்கள். மாடம் வேண்டாம், ஓரம் சீவ வேண்டாம், ஃபால்ஸ் சீலிங் அப்புறம் பார்க்கலாம் என்று எடுத்தால் விலையும் நியாயமாக இறங்கும்.

ஆறாம் படி: இடித்த பிறகு வரும் செலவுக்குப் பணம் எடுத்து வையுங்கள்

மொத்தத்தில் பதினைந்து சதவீதம் குறைந்தபட்சம். பழைய கட்டடம் என்றால் இருபது. டைல்ஸ் கடையில் கொஞ்சம் நல்லதாகப் பார்க்கலாமே என்று இந்தப் பணத்தில் கை வைக்காதீர்கள்.

அக்கா 22,000 ஒதுக்கியிருந்தாள். இடித்தபோது சுவருக்குள் இருந்த ஜிஐ பைப் (துத்தநாகம் பூசிய இரும்பு) துருவேறி, கை வைத்தால் உதிர்ந்தது. பாத்ரூமுக்குள் மாற்றுவது பேச்சில் இருந்தது, வெளிச் சுவரில் இறங்கும் பைப் இல்லை. ஸ்லாபின் ஓரத்தில் கம்பி தெரிந்து துருப்பிடித்திருந்தது, அதைச் சுத்தம் செய்து பூச வேண்டியிருந்தது. இரண்டுக்கும் சேர்த்து 17,000 போயிற்று. எக்ஸ்ட்ரா எதுவானாலும் முதலில் படம், பிறகு விலை, அதன் பிறகே வேலை என்று ஆரம்பத்திலேயே சொல்லிவையுங்கள்.

ஏழாம் படி: பணத்தை வேலையோடு கட்டிப்போடுவது

அட்வான்ஸ் இருபது சதவீதம் போதும். பாதிப் பணம் முன்கூட்டியே கேட்கிறவர் வேறு இடத்து வேலையை உங்கள் பணத்தில் முடிக்கப் பார்க்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன். இடிப்பும் பைப்பும் முடிந்ததும் கால் பங்கு. தண்ணீர் கட்டும் சோதனை தேறியதும் இன்னொரு கால் பங்கு. டைல்ஸ் முடிந்ததும் இருபது. கடைசிப் பத்து சதவீதம் எல்லாம் மாட்டி இரண்டு வாரம் கழித்து.

தண்ணீர் கட்டும் சோதனையை மட்டும் யாருக்காகவும் விட்டுக்கொடுக்காதீர்கள். ட்ராப்பை அடைத்து, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்பி, மட்டத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். 48 மணி நேரம் கழித்து கோட்டையும் பாருங்கள், கீழ் வீட்டுக் கூரையையும் பாருங்கள். இரண்டு நாள் ஆட்கள் சும்மா இருக்க வேண்டுமே என்று முகம் சுளிப்பார்கள். தாளில் முதலிலேயே எழுதியிருந்தால் அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டு வருவார்கள்.

சுவரை மூடும் முன் பைப் போகும் பாதையை டேப்பைப் பிடித்தபடி படம் எடுத்து வையுங்கள். டவல் கம்பிக்கு ஓட்டை போடும் நாளில் தேவைப்படும். தேதி குறிக்கும்போது பொங்கல், தீபாவளியை ஒட்டி வைக்காதீர்கள். ஊருக்குப் போனவர்கள் திரும்ப பத்து நாளாவது ஆகும், அதுவரை கிளாசெட் இல்லாத வீட்டில் நீங்கள்தான் இருப்பீர்கள்.

டைல்ஸ் முடிந்த அன்று ஒரு கோலிக்குண்டை வாசலில் விடுங்கள். ட்ராப்பை நோக்கி ஓட வேண்டும். ஏழடி நீளத்துக்கு ஒரு அங்குலமாவது சரிவு தேவை. ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, பத்து நிமிஷம் கழித்து எங்கே தேங்குகிறது என்று பாருங்கள். நாணயத்தால் மறுபடி எல்லா டைல்ஸையும் தட்டி, பொள்ளலாகக் கேட்பதில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மேஸ்திரி வந்ததும் வாய் திறக்காமல் காட்டலாம்.

அக்கா வீட்டில் மூன்று கோடு விழுந்தது. மாற்றிக் கொடுத்தார். பதினைந்தாவது நாள் கீழ் வீட்டு ஆன்ட்டி தன் பாத்ரூம் கூரையைப் படம் எடுத்து அனுப்பினார். காய்ந்திருந்தது. அன்று மாலையே மேஸ்திரிக்கு மீதி 9,600-ஐ அனுப்பினாள்.